மண்ணில் புதைத்த வெப்பமானி

பொதியில் மலைத்தொடரின் கீழ்புறம் பிறந்து பொருநையாய் நெல்லைச் சீமையை வளப்படுத்தும் நீரும், அத்தொடரின் மேல்புறம் பிறந்து கரமனை ஆறாய் நம் தெருக்களுக்கு அருகே ஓடும் நீரும் ஒரு தாய் ஈன்ற இரு மக்கள் எனலாம். முன்னதன் கரையில் பிறந்து பின்னதன் கரைக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் நம்முள் பல. அக்குடும்பத்து முதியோர் மாசி, பங்குனி மாதங்களில் தவறாது சொல்லும் குறை ஒன்று உண்டு. "நம் ஊர் வெயில் சுடும், இந்த ஊர் வெயில் புழுக்கி எடுக்கும்" என்பர்.

வெப்பமானியைக் கேட்டால் அது வேறு சொல்லும். திருநெல்வேலியில் 38 பாகை காட்டும் நாளில் திருவனந்தபுரத்தில் 33 அல்லது 34 பாகையே காட்டும். கருவி குறைவு என்கிறது. உடம்போ மிகுதி என்கிறது. இவற்றுள் எது மெய்? இரண்டும் மெய்யே. அஃது எங்ஙனம் என்று அறிய வேண்டுமாயின், வெப்பம் என்பது யாது, வெப்பநிலை என்பது யாது, வெப்பம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லும் வழிகள் யாவை என்னும் மூன்றையும் தெரிதல் வேண்டும். இவ்வாராய்ச்சியில் நாம் நாள்தோறும் மிதித்து நடக்கும் இவ்வூர் மண்ணுக்கே ஒரு பங்கு உண்டு. நம்மவருள் பலர் அறியாத அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

வெப்பமும் வெப்பநிலையும்

அடுக்களையிலேயே தொடங்கலாம். ஒரு தம்ளரில் 200 கிராம் காப்பி 80 பாகை வெப்பநிலையில் உள்ளது. பக்கத்தில் ஓர் அண்டாவில் 20 லிட்டர் வெந்நீர் 35 பாகையில் உள்ளது. சுற்றியுள்ள காற்று 25 பாகை எனக் கொள்வோம். தம்ளரைத் தொட்டால் கை சுடுகிறது. அண்டாவில் கையை விட்டால் இதமாயிருக்கிறது. ஆயினும் இரண்டும் ஆறி 25 பாகைக்கு வரும்வரை வெளிவிடும் வெப்பத்தைக் கணக்கிட்டால், தம்ளர் தருவது ஏறத்தாழ 11,000 கலோரி. அண்டா தருவது 2,00,000 கலோரி. ஒரு கிராம் நீரை ஒரு பாகை உயர்த்த வேண்டிய வெப்பமே ஒரு கலோரி. சுடுவதில் தம்ளர் பெரிது. கொடுப்பதில் அண்டா பெரிது.

வெப்பநிலை என்பது நீர்மட்டம் போன்றது. வெப்பம் என்பது நீரின் அளவு போன்றது. மேட்டிலுள்ள சிறு குட்டையிலிருந்தும் பள்ளத்திலுள்ள பேரேரிக்கு நீர் பாயும். ஏரி பெரிது என்பதால் அது குட்டையை நோக்கி ஏறாது. அவ்வாறே வெப்பமும், எதில் மிகுதியாக உள்ளது என்று பாராமல், எதன் நிலை உயர்ந்தது என்று பார்த்தே பாய்கின்றது. இவ்வேறுபாட்டைப் பதினெட்டாம் நூற்றாண்டில் தெளிவாக விளக்கியவர் கிளாஸ்கோ நகரில் ஆசிரியராயிருந்த ஜோசப் பிளாக் ஆவார். பனிக்கட்டி உருகும்போதும் நீர் கொதித்து ஆவியாகும்போதும் வெப்பத்தை ஏராளமாக உண்டும் வெப்பநிலையில் ஒரு பாகையும் உயர்வதில்லை என்பதை அவர் காட்டினார். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வேண்டும். ஒரு கிராம் கொதிநீர் ஆவியாக 540 கலோரி வேண்டும். உள்ளே மறைந்து நிற்கும் இவ்வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். இதனை நினைவில் இருத்துக. கட்டுரையின் இறுதியில் முதியோர் சொல்லுக்கு இதுவே விடை தரும்.

குன்றின்மேல் ஒரு கூடம்

திருவிதாங்கூரைச் சுவாதித் திருநாள் மகாராஜா ஆண்ட காலம் 1829 முதல் 1846 வரை ஆகும். இசையுலகம் போற்றும் அம்மன்னர் வானியலிலும் பெருவிருப்பம் உடையவர். அக்காலத்தில் ஆலப்புழையில் அரசின் வாணிகப் பொறுப்பை ஏற்றிருந்த ஜான் கால்டெகாட் என்னும் ஆங்கிலேயர், வானத்தை நோக்கும் கருவிகளைத் தாமே வைத்து ஆராய்ந்து வந்தார். மன்னரின் ஆர்வமும் அவர் திறமும் கூடியதன் பயனாக 1837-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்துக் குன்று ஒன்றின்மேல் வானாய்வுக்கூடம் எழுந்தது. கால்டெகாட் அதன் தலைவரானார். இன்றும் அவ்விடம் ஆய்வுக்கூடக் குன்று என்றே வழங்குகிறது. கூடம் கேரளப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருந்து வருகின்றது.

விண்மீன்களை நோக்கவே கூடம் அமைந்ததெனினும், அங்கு நடந்த பணி வானோடு நிற்கவில்லை. காற்றின் வெப்பநிலை, காற்றழுத்தம், மழை, நிலக்காந்தம் ஆகிய அனைத்தும் இடையறாது அளக்கப்பட்டன. இரவு பகல் பாராது கருவிமுன் நின்று எண்களைக் குறித்தவர்கள் இவ்வூர் உதவியாளர்கள். வெளியீடுகளில் தலைவரின் பெயர் ஒளிர்கின்றது. எண்களுக்குப் பின்னால் நின்ற கண்கள் அவ்வுதவியாளர்களுடையவை என்பதை நாம் மறத்தல் ஆகாது.

மண்ணின் மடியில்

இனி மண்ணுக்கு வருவோம். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஜேம்ஸ் டேவிட் போர்ப்ஸ் என்னும் பேராசிரியர் 1837-ஆம் ஆண்டில் ஓர் அரிய சோதனையைத் தொடங்கினார். நீண்ட தண்டுடைய வெப்பமானிகளைப் பூமிக்குள் வெவ்வேறு ஆழங்களில் புதைத்து, தண்டின் மேல்நுனி மட்டும் தரைக்கு வெளியே தெரியுமாறு வைத்தார். உள்ளே பாதரசத்துக்கு மாற்றாகச் சாராயம் இருந்தது. குமிழ் ஆழத்தில் உணரும் வெப்பநிலையை மேலே நின்று படித்துக்கொள்ளலாம். மண்ணைத் தோண்ட வேண்டுவதில்லை.

இம்முறையைத் தழுவிக் கால்டெகாட் திருவனந்தபுரத்தில் 3, 6, 12 பிரெஞ்சு அடி ஆழங்களில் வெப்பமானிகளைப் புதைத்தார். பிரெஞ்சு அடி என்பது ஏறத்தாழ 32.5 சென்டிமீட்டர், ஆகவே அவ்வாழங்கள் சுமார் ஒன்று, இரண்டு, நான்கு மீட்டர் ஆகும். 1842 மே முதல் 1845 டிசம்பர் வரை, மூன்றரை ஆண்டுக்கு மேலாக, அளவுகள் குறிக்கப்பட்டன. அவை எடின்பரோ அரச கழகத்தின் வெளியீட்டில் இடம்பெற்று அறிஞர் பார்வைக்கு வந்தன.

அவ்வெண்களுக்கு அறிஞர் ஏன் மதிப்பளித்தனர்? அதற்கு முன்னர் பூசாங்கோ என்னும் பிரெஞ்சு அறிஞர் தென் அமெரிக்காவின் வெப்பமண்டலப் பகுதிகளில் சுற்றி ஆராய்ந்து ஒரு முடிவு கூறியிருந்தார். வெப்பமண்டலத்தில் கோடைக்கும் குளிருக்கும் வேறுபாடு சிறிது. ஆதலால், கூரை நிழலில் ஓர் அடி ஆழம் தோண்டி வெப்பமானியை இட்டால் போதும், ஆண்டு முழுவதும் அது அசையாது நிற்கும், அவ்வூரின் சராசரி வெப்பநிலையை ஒரே நாளில் அறிந்துவிடலாம் என்றார். எளிய வழிதான். ஆனால், திருவனந்தபுரத்து மண் அதற்கு இணங்கவில்லை. ஓர் அடி அன்று, பன்னிரண்டு அடி ஆழத்திலும் வெப்பநிலை பருவந்தோறும் ஏறியும் இறங்கியும் வந்தது. மேலும், நிலத்தின் சராசரி வெப்பநிலை காற்றின் சராசரியினும் மிகுந்திருந்தது. ஒரு நாட்டில் ஒரு வகை இடத்தில் கண்டதை உலகமெல்லாம் ஒக்கும் விதியாக்குதல் ஆகாது என்பதை இவ்வூர் மண் உணர்த்தியது.

இதனால் பூசாங்கோ பொய்யுரைத்தார் என்பதில்லை. அவர் நோக்கியது கூரையின் கீழுள்ள மண். கூரை வெயிலைத் தடுக்கும், மழையைத் தடுக்கும், இரவில் நிலம் வானை நோக்கி வெப்பத்தை வீசுவதையும் தடுக்கும். வெயிலும் மழையும் நேரே படும் நிலமோ அவற்றையெல்லாம் தானே தாங்குகிறது. நிழலின் அருமை இவ்விடத்தே விளங்குகின்றது. இதன் பயனைப் பின்னர்க் காண்போம்.

வெப்பம் நடக்கும் வேகம்

மண்ணுக்குள் வெப்பம் செல்லும் முறை கடத்தல் எனப்படும். ஒரு துகள் தன் அடுத்த துகளுக்கு வெப்பத்தைக் கொடுக்கும். தான் இடம் பெயராது. பந்தியில் இலை போடுவோர் வரிசையாய் நின்று கைமாற்றிக் கொடுப்பதை இதற்கு உவமை கூறலாம். இவ்வழி மிகவும் தாமதமானது. அதன் கணக்கைப் பிரெஞ்சு அறிஞர் பூரியே 1822-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வகுத்துத் தந்தார்.

அக்கணக்கின்படி, மேற்பரப்பில் தோன்றும் வெப்ப அலை கீழே செல்லச் செல்லச் சிறுத்துக்கொண்டும் பிந்திக்கொண்டும் போகும். பகலும் இரவும் மாறி வரும் நாள் அலை மிக விரைவில் மடிந்துவிடும். ஈர மண்ணில் ஒரு மீட்டர் ஆழத்துக்குள் அஃது இருந்த இடம் தெரியாது. கோடையும் மழைக்காலமும் மாறி வரும் ஆண்டு அலையோ அதனினும் ஏறத்தாழ 19 மடங்கு ஆழம் செல்லும். 365 என்னும் எண்ணின் வர்க்கமூலம் 19 என்பதே இதற்குக் காரணம். நான்கு மீட்டர் ஆழத்துக்கு அவ்வலை சென்று சேர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். மேலே இருந்த ஏற்ற இறக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அன்றி அதனினும் குறைவே அங்கே எஞ்சும். எடின்பரோவில் 24 அடி ஆழத்தில் புதைத்த வெப்பமானி கோடையின் உச்சத்தை மேலே பனி பெய்யும் ஜனவரி மாதத்தில் காட்டியதாம்.

நம் ஊர்க் கணக்கில் இதனைப் பார்த்தால் வியப்பாயிருக்கும். பங்குனி, சித்திரையில் மண்ணைச் சுட்ட வெயில், ஆனி, ஆடியில் மேலே மழை கொட்டித் தரை குளிர்ந்து கிடக்கும் வேளையிலும் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். ஊறிச் செல்லும் மழைநீர் அக்கணக்கைச் சற்று மாற்றும் என்பதும் உண்மையே. மார்கழி விடியலில் கிணற்று நீர் வெதுவெதுப்பாகவும் சித்திரை நண்பகலில் அதே நீர் குளிர்ந்தும் இருப்பதை நம் இல்லத்தார் அனைவரும் அறிவர். நீர் பெரும்பாலும் ஒரே நிலையில் நிற்கின்றது. காற்றும் நம் கையுமே மாறுகின்றன.

ஐரோப்பாவில் அதே ஆண்டுகள்

இவ்வூரில் மண்ணின் வெப்பநிலை குறிக்கப்பட்டு வந்த அவ்வாண்டுகளிலேயே, வெப்பம் என்பது தான் யாது என்னும் வினாவும் ஐரோப்பாவில் தீர்வை நெருங்கிக்கொண்டிருந்தது. வெப்பம் என்பது கண்ணுக்குப் புலனாகாத ஒரு பாய்மப் பொருள் என்றே பலர் அதுவரை நம்பினர். 1842-இல் ஜெர்மானிய மருத்துவர் மேயர், உழைப்பும் வெப்பமும் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடியவை என்று எழுதினார். 1843 முதல் இங்கிலாந்தின் ஜூல் என்பவர் அதனைச் சோதனையால் அளந்தார். எடை இறங்கும்போது சுழலும் துடுப்பால் நீரைக் கலக்கி, நீர் எவ்வளவு சூடேறுகின்றது என்று பார்த்தார். ஒரு பவுண்டு எடை 772 அடி இறங்கினால், ஒரு பவுண்டு நீர் ஒரு பாரன்ஹீட் பாகை சூடேறும் என்பது அவர் இறுதியில் கண்ட அளவு. வெப்பம் தனிப்பொருள் அன்று. அணுக்களின் அசைவாற்றலே அது என்னும் கொள்கை இவற்றால் வலுப்பெற்றது.

கொள்கை மாறிய பின்னும் மண்ணில் எடுத்த அளவுகள் மதிப்பிழக்கவில்லை. வெப்பம் பாய்மமாயினும் அசைவாயினும் அது செல்லும் கணக்கு ஒன்றே. எடின்பரோவின் அளவுகளைக் கொண்டு கெல்வின் பெருமகனார் பாறை வெப்பத்தைக் கடத்தும் திறனைக் கணக்கிட்டு, 1862-இல் உலகின் அகவை இரண்டு கோடி முதல் நாற்பது கோடி ஆண்டுகள் வரை இருக்கலாம் என்றார். இன்று அறிஞர் கொள்ளும் அகவை ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். பூமியின் உட்புறப் பாறை மெல்ல நகர்ந்து வெப்பத்தை மேலே கொணர்வதையும், கதிரியக்கப் பொருள்கள் உள்ளிருந்து வெப்பம் தருவதையும் அவர் அன்று அறிந்திலர். ஆயினும் உலகின் அகவையை அளக்க முயன்ற கணக்கு, தோட்டத்து மண்ணில் புதைத்த ஒரு வெப்பமானியிலிருந்து எழுந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

அகத்தியர் மலையில்

கால்டெகாட் 1849-இல் மறைந்தார். 1852-இல் ஜான் ஆலன் பிரவுன் என்பவர் கூடத்தின் தலைவராய் வந்தார். அவர் 1855-இல் அகத்தியர் மலையின்மேல் மற்றோர் ஆய்வுக்கூடம் அமைத்தார். காட்டு வழியே கருவிகளைச் சுமந்து ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்துக்கு ஏற்றிய உழைப்பு சிறிதன்று. ஆற்றங்கரை ஊரிலும் ஆறு பிறக்கும் மலையிலும் ஒரே காலத்தில் அளந்து ஒப்பிடுதலே அவர் நோக்கம்.

அம்மலையுச்சியின் உயரம் 1,868 மீட்டர். அங்கே காற்று நம் ஊரினும் 10 முதல் 12 பாகை வரை குளிர்ந்திருக்கும். நீர் 100 பாகையில் கொதிக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும். காற்றழுத்தம் குறைவதே காரணம். விறகை எவ்வளவு திணித்தாலும் திறந்த பானையில் வெப்பநிலை அதற்கு மேல் உயராது; ஊட்டிய வெப்பமெல்லாம் ஆவியாய்ப் போகும். எனவே அங்கே பருப்பு வேக நெடுநேரம் ஆகும். வெப்பம் மிகுவதும் வெப்பநிலை மிகுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுமோ?

வெப்பம் செல்லும் ஏனைய வழிகள் இரண்டு. சூடான காற்றோ நீரோ தானே இடம் பெயர்ந்து வெப்பத்தைச் சுமந்து செல்வது சலனம். நண்பகலில் நிலம் கடலினும் விரைந்து சூடேற, அதன்மேலுள்ள காற்று எழும்ப, சங்குமுகத்திலிருந்து கடற்காற்று ஊருக்குள் வருவது இவ்வழியால். இடையே எப்பொருளும் இன்றியே செல்வது கதிர்வீசல். கதிரவன் வெப்பம் நம்மை அடைவதும், தெளிந்த இரவில் தரை குளிர்வதும் இவ்வழியால்.

முதியோர் சொல்லும் நம் இல்லங்களும்

இனி முதற்கண் எழுந்த வினாவுக்கு வருவோம். நம் உடம்பு உள்ளே வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றது. அதனை வெளியேற்றியே தீரவேண்டும். தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 34 பாகை. சுற்றிலும் 33, 34 பாகை இருக்குமாயின் கடத்தல், சலனம், கதிர்வீசல் மூன்றும் ஏறத்தாழச் செயலற்றுப் போம். எஞ்சியிருப்பது வியர்வை ஒன்றே. ஒரு கிராம் வியர்வை உலரும்போது 580 கலோரி அளவு வெப்பத்தை எடுத்துச் செல்லும். நெல்லையின் வறண்ட காற்றில் வியர்வை உடனே உலர்கின்றது. கடலருகே உள்ள இவ்வூரின் ஈரக்காற்றிலோ அஃது உலராமல் வழிகின்றது. வழியும் வியர்வை குளிர்ச்சி தராது. ஆதலால் வெப்பமானி குறைத்துக் காட்டிய போதும் நம் முதியோர் கூறியது பிழையன்று. கருவி காற்றின் வெப்பநிலையை உரைத்தது; அவர்கள் தம் உடம்பிலிருந்து வெப்பம் செல்ல வழியில்லாமையை உரைத்தனர்.

இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. 2024 ஏப்ரலில் கேரளத்தின் பாலக்காட்டில் வெப்ப அலை ஏற்பட்டதை நாம் அறிவோம். நம் தெருக்களில் வெட்டுக்கல் சுவரும் ஓட்டுக் கூரையும் நடுமுற்றமும் உடைய பழைய வீடுகள் குறைந்து வருகின்றன. ஓர் அடிக்கு மேற்பட்ட கனமுடைய சுவரில் நண்பகல் வெப்பம் உட்புறம் வந்து சேர எட்டு, பத்து மணி நேரம் ஆகும். அதுவும் மிகச் சிறு பங்கே வரும். ஓட்டின் இடுக்குகளில் சூடான காற்று வெளியேறும். இரவில் ஓடு விரைந்து ஆறும். ஐந்து அங்குலக் காங்கிரீட் தளமோ நண்பகல் வெயிலை மூன்று, நான்கு மணி நேரத்தில் உள்ளே இறக்கி, மாலையிலும் முன்னிரவிலும் அறைக்குள் கதிர்வீசிக்கொண்டிருக்கும். மின்விசிறி காற்றை அசைக்குமேயன்றிக் கூரையைக் குளிர்விக்காது.

இதற்காகப் புதுவீடுகளை வெறுக்க வேண்டுவதில்லை. தளத்துக்கு வெண்சுண்ணம் பூசினால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிவிடும். தளத்தின்மேல் தென்னங்கீற்றுப் பந்தலோ கொடிப் பந்தலோ இட்டு இடையே காற்று புகவிட்டால், நிழலில் மண் அசையாது நின்றதுபோல் அறையும் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். வீட்டில் முதியோரும் குழந்தைகளும் இருப்பின் இது வசதி மட்டுமன்று, உயிர்க்காப்பும் ஆகும்.

முடிவுரை

மனோன்மணீயம் ஆசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை இந்நகரின் கல்லூரியில் பேராசிரியராய் விளங்கியபோது, அறிவுத்துறைகளை வகுத்துரைக்கும் நூற்றொகை விளக்கம் என்னும் உரைநடை நூலைத் தமிழில் இயற்றினார். ஆதலின் இவ்வூரில் இருந்துகொண்டு தமிழில் அறிவியல் பேசுவது நமக்குப் புதிதன்று. முன்னோர் இட்ட வழியே ஆகும்.

நம் பிள்ளைகளை ஒருநாள் அக்குன்றுக்கு அழைத்துச் செல்லுங்கள். விண்மீனைக் காட்டுவதோடு நில்லாமல் காலடி மண்ணையும் காட்டி, "மூன்றரை ஆண்டு பொறுமையாய் எண்களைக் குறித்துப் பெரியோர் ஒருவர் முடிவையே மறுபடி எண்ண வைத்த மண் இதுதான்" என்று சொல்லுங்கள். வீடு திரும்பியபின் ஒரு சிறு வெப்பமானியைக் கையில் கொடுத்து, காலையிலும் மாலையிலும் கிணற்று நீரையும் திண்ணைக் காற்றையும் அளந்து ஓர் ஏட்டில் எழுதச் செய்யுங்கள். ஓராண்டு எழுதினால் இக்கட்டுரையில் கூறியவற்றுள் பாதியை அவர்கள் தாமே காண்பர். அடுத்த ஆண்டு மலரில் அவ்வேடு ஒன்று இடம்பெறுமாயின், அதனினும் சிறந்த கட்டுரை வேறில்லை.